வெயில் அடித்த தெரு

"ஏரி உடைஞ்சிருச்சுங்க, மாடிக்கு வாங்க!" என்று வேதவல்லி கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டில் கால்கள் தண்ணீருக்குள் இருந்தன. பூபாலன் இறங்கவில்லை.

"உன் டிவியில உடைஞ்சிருக்கும். என் டிவியில பாரு. நம்ம தெருதான், நேரலை."

அவரவர் மனதுக்குப் பிடித்த செய்திதான் அவரவர் டிவியில் வரும். அவருக்கு வந்த தெருவில் வெயில் அடித்தது. வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது, காலையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போன அதே ஸ்கூட்டர்.

மெத்தை நனைந்த பிறகுதான் அவரை மொட்டைமாடிக்கு ஏற்ற முடிந்தது. சாயங்காலம் ஒரு மீட்புப் படகு தெருவுக்குள் வந்தது. வேதவல்லி தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணே, இங்க ரெண்டு பேர் இருக்கோம்! காப்பாத்துங்க!"

படகுக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு படகில் இருந்த சின்ன டிவியைப் பார்த்தார். நாளெல்லாம் துடுப்புப் போட்டுக் களைத்த முகம் மலர்ந்தது.

"இந்தத் தெருவுல எல்லாரையும் மீட்டாச்சும்மா."

"நாங்க இங்கயே நிக்கிறோமே, கண்ணு தெரியலையா?"

"உங்களையுந்தாம்மா!"

டிவியை அவள் பக்கம் காட்டிவிட்டுப் படகைத் திருப்பினார். திரையில் அவளும் பூபாலனும் படகில் உட்கார்ந்து, கைகூப்பி அழுதுகொண்டிருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் பூபாலன் நிம்மதியாக மாடியில் உட்கார்ந்துவிட்டார்.