ஐசக் அண்ணன் சொன்ன போன்

"ரெண்டுமே ஆண்ட்ராய்டுல டாப் மாடல் சார். புராசஸர்தான் வேற. இதுதான் புதுசு, வேகம்" என்றார் கிருஷ்ணகிரி கடைக்காரர்.

"அது கேம் ஆடினா சுடுமாம். ஐசக் அண்ணன் சொல்லிட்டாரு. இன்னொண்ணையே குடுங்க" என்றான் பிரதாப்.

மனைவி சத்யப்ரியா முறைத்தாள். "ஆறு மாசமா ஆசைப்பட்டு வாங்கறோம். யாருங்க அந்த ஐசக்? இன்ஜினியரா?"

"எங்க கம்பெனிதான். இன்ஜினியருங்களே அவரைக் கேட்டுட்டுத்தான் போன் வாங்கறாங்க."

"அவரு என்ன போன் வெச்சிருக்காரு?"

"அதை நான் பாத்ததே இல்ல."

மறுநாள் கல்லாவியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வழியெல்லாம் கேம் ஆடிக்கொண்டு வந்த பிரதாப், போச்சம்பள்ளி தொழிற்சாலை கேட்டில் புது போனை ஒப்படைத்தான். உள்ளே போன் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை.

வாங்கிய செக்யூரிட்டி ஐசக், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா, சுடவே இல்ல! பதினோரு வருஷமா தினம் எண்ணூறு போன் இந்தக் கைக்கு வருது தம்பி. எந்தப் புராசஸர் சுடும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தார். பழைய பட்டன் போன்.

"நீங்க ஒண்ணு வாங்கலியாண்ணா?"

"எதுக்குப்பா? சாயங்காலம் வரைக்கும் எல்லாம் என்கிட்டதானே இருக்குது!"