நாலு கை

“ரெண்டு பேருக்குத்தாங்க்கா சீட்டு. போர்டைப் பாருங்க.”

“போர்டா வந்து நாளைக்கு ஊருக்குப் பதில் சொல்லும்?”

ரோலர் கோஸ்டரின் முதல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில் தொங்கிய ஆள் கையைப் பிசைந்தான். பின்னால் வரிசையில் நாற்பது பேர்.

பெட்டிக்குள் இடது ஓரத்தில் அவள் தங்கை மகள் கௌசிகா. வலது ஓரத்தில் பரணிதரன். நிச்சயம் முடிந்து பதினேழு நாள். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள்.

இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அவள் இடுப்புக்கு அது எந்த மூலைக்கு.

“பின் பெட்டியில உக்காருங்கக்கா. அங்கருந்தே பாத்துக்கலாம்.”

“பின்னாடி இருந்தா தலை தெரியும். கை தெரியுமா?”

வரிசை சிரித்தது. கௌசிகா துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தெருவில் எந்த வீட்டு மொட்டை மாடியில் யார் போன் பேசுகிறார்கள், எந்தப் பெண் எத்தனை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளைத்தான் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள், ரெண்டு பேருக்கும் நடுவில் நான் இருக்கிறேன் என்று.

சொன்னால் செய்கிறவள். நடுவில் இறங்கினாள்.

பெட்டி முனகியது.

விசில்காரன் தடுப்புக் கம்பியை அழுத்தினான். மற்ற பெட்டிகளில் மூன்று முறை ‘டக்’ என்று இறங்கிய கம்பி, இங்கே ஒரு முறைதான் இறங்கியது. அவள் வயிற்றில் முட்டி நின்றுகொண்டது.

வரிசையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். விசிலை ஊதிவிட்டான்.

கம்பி அவளுக்கு இறுக்கமாக இருந்தது.

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒல்லி. அவர்கள் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் வெறும் காற்று.

பெட்டி ஏற ஆரம்பித்தது. அடியில் சங்கிலி கடகடத்தது. கீழே தலைகள் கடுகாகிப் போயின. அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போர்டில் எழுதியிருந்தபடி.

முதுகுக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது.

திரும்ப முடியவில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. இந்தப் பக்கம் கம்பியில் ஒரு கை குறைந்தது. அந்தப் பக்கமும் ஒரு கை குறைந்தது. முதுகில் வளையல் உரசியது.

“ரெண்டு பேரும் கையத் தூக்குங்க. நல்லா மேல தூக்குங்க. நாலு கையும் எனக்குத் தெரியணும்.”

கௌசிகா சிரித்துக்கொண்டே தூக்கினாள். பரணிதரன் வகுப்பில் பிடிபட்டவன் போல, முழங்கை நிமிர, உயரத் தூக்கினான்.

உச்சி.

எண்ணிப் பார்த்தாள். நாலும் இருந்தன.

இறக்கம்.

தண்டவாளம் இடப்பக்கமாக வளைந்தது. கௌசிகா சரிந்து அவள் மேல் விழுந்தாள்.

வலப்பக்கம் லேசானது.



உச்சியில் ஒரு கேமரா உண்டாம். ஏறுகிறவர்களைப் படம் பிடித்து வாசலில் விற்பார்கள். அந்தப் படம் மறுநாள் ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிற மாப்பிள்ளை. நடுவில், கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி, அவள்.

தெரு அதற்கு மேல் விசாரிக்கவில்லை. கொழுப்பு என்றது. பக்கத்தில் பெண் இருந்தால் கண் மண் தெரியுமா என்றது. கம்பியை விடாதே என்று போர்டு வைத்திருக்கிறார்களே, இவனுக்குப் படிக்கத் தெரியாதா என்றது. விசில்காரனுக்கு வேலை போனது.

அவள் நடுவில் உட்கார்ந்ததை ஒருவரும் குறை சொல்லவில்லை. முறைதானே.

துக்க வீட்டில் பரணிதரனின் அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? கைய எறக்குடான்னு சொன்னீங்கதானே? சொல்லியுமா கேக்கல எம்புள்ள?”



சுவரோரம் சாய்ந்திருந்த கௌசிகா நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். நாலு தெருவுக்குக் கேட்கிற வாய் அது. மூடிக்கொண்டாள்.

தலையை மட்டும் ஆட்டினாள். மேலும் கீழுமாக.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு மகன் பேரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தாள். கௌசிகா மறுபடி குனிந்துகொண்டாள்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பெரியம்மா வந்தால் எழுந்து நின்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். கொஞ்ச நாளில் அவள் தங்கை வீட்டுக் காபியையே விட்டுவிட்டாள். சர்க்கரை வியாதி என்று தெரு பேசிக்கொண்டது.

ராசியில்லாத பெண் என்று இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவதாகப் பல்லடத்து விசைத்தறிக்காரர் ஒருவர் அமைந்தார். இரண்டு வருஷம் கழித்து, ஆனியில் முகூர்த்தம்.

மண்டப வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை ஏறி அந்த ஓரம் உட்கார்ந்தார். ஏறிய கௌசிகா இந்த ஓரமே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் இடம் இருந்தது. கதவைச் சாத்த விடவில்லை.

“பெரியம்மா, நடுவுல வாங்க.”

மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்ணுக்குக் குறும்பு ஜாஸ்தி என்றார்கள்.

கௌசிகா சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். மஞ்சள் நீர் தளும்பிப் புடவையில் கொட்டியது.

கார் பல்லடம் போய்விட்டது.

அடுத்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகனிடம் போய்ச் சேர்ந்தாள். ஆடி மாதம், அதுவும் செவ்வாய்க்கிழமை. ஆடியில் குடி மாறக் கூடாது என்று சொல்லி, தெருவில் மூன்று குடும்பங்களின் சாமானை லாரியிலிருந்து இறக்க வைத்தவள் அவள்தான்.