ஒரு வேளைச் சாப்பாடு

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தட்டில் கிடப்பவை அக்காவின் தோல் செல்கள். மூப்பு ஆராய்ச்சிக்குத் தோல் கொடுக்க ஆள் கிடைக்காத நாளில், “எனக்கு எருமைத் தோலுடி, வேணுங்கறத எடுத்துக்கோ” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டியவள் அக்கா. அக்கா கண்ணை மூடிய பிறகும் அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டுதான் இருந்தன. சாப்பாடாக ஊற்றுகிற ரோஸ் நிறத் திரவம் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அர்த்தம். இப்போது வாரம் ஒன்றாகியும் ரோஸ் அப்படியே இருக்கிறது. மீன்குஞ்சுகளைப் போல நெருக்கியடித்துக் கிடந்தவை, ஆளுக்கொரு மூலையில் அகலமாகப் பரந்து அசையாமல் கிடக்கின்றன. உறையவைத்த செல்களிலும் மிச்சமில்லை, இதுதான் கடைசித் தட்டு. ஜன்னல் வெயில் அதன் விளிம்பில் மினுங்குகிறது. “வயசாயிடுச்சும்மா. செல்லு இத்தனை தடவைதான் பிரியும்னு ஒரு வரம்பு இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?” என்கிறார் ஆய்வகத் தலைவர். அவர் கையில், செல்களைக் கொன்று கொட்டுவதற்கான ப்ளீச் பாட்டில். “உயிரோடதான் சார் இருக்கு.” “இருக்கு. ஆனா இனிமே பெருகாது. இடம் வேணும், கொட்டிடுங்க.” அந்த வரம்பைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். பாட்டிலை வாங்கிக்கொள்கிறாள். மூடியைத் திருகுகிற கை பாதியில் நின்றுவிடுகிறது. “ஒரு வேளை சாப்பாடு போட்டுட்டுக் கொட்டிடறேன் சார்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கதகதப்பான புது ரோஸைத் தட்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள், எவ்வளவு மெதுவாக விட முடியுமோ அவ்வளவு மெதுவாக.