முதல் வீச்சு

எஸ்டேட் ஏரியில் பனி இன்னும் கலையவில்லை. பத்துப் பை வைத்த புதுச் சட்டையும் தொப்பியுமாகப் புதுமாப்பிள்ளை யுவராஜ் மரமேடையின் நுனியில் தூண்டிலோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கரையில் மாமனார் வீடே திரண்டு செல்போனில் படம் பிடிக்கிறது. “சத்தம் போடாதீங்க, மாப்ள பெரிய மீனுக்குக் காத்திருக்காரு” என்கிறார் மாமனார். முதல் வீச்சிலேயே முள் தண்ணீருக்குப் போகாமல், தன் கால்சட்டையின் நடுத்தையலில் வந்து மாட்டியது மாப்பிள்ளைக்கு மட்டுமே தெரியும். எழுந்தால் கிழியும், நகர்ந்தால் குத்தும். எதிரே ஒரு கெண்டை துள்ளி, நிதானமாக அமிழ்கிறது. டீ கொண்டுவரும் எஸ்டேட் பொன்னாயி, டம்ளரை வைக்கக் குனிந்தவள் பார்த்துவிடுகிறாள். கரைக்குக் கேட்காமல் சொல்கிறாள்:

“பயப்படாதீங்க சாமி. இந்த ஏரியில மாட்டுனதை உசுரோட உட்டுறோணும்னு மொதலாளி உத்தரவுங்க.”