விரிசலின் மேல் கண்ணாடி

அவன் பால் காய்ச்சுகிறான். மகளின் சீருடைக்கு இஸ்திரி போடுகிறான். தலை பின்னிவிடுகிறான். "ஒரு ஜடை மேல போகுது, ஒண்ணு கீழ போகுதுப்பா. அம்மா இருந்தா சிரிச்சே செத்திருப்பா," என்று சொல்லிவிட்டு மகள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அவன் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அதைத் திறந்தால் சந்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், பழைய மதில் வயிறு தள்ளிச் சாய்ந்து நிற்கிறது. இது பாரம்பரியப் பகுதி. அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அவன் கேட்ட அனுமதிக்காக மதிலைப் பார்க்க வந்திருக்கும் பெண் அதிகாரி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்து ஒட்டுகிறார்.

"சுவர் நகர்ந்தா இது உடையும் தம்பி. உடைஞ்சாத்தான் இடிக்க அனுமதி."

"கண்ணாடியோட சுவரும் சேர்ந்து விழுந்துட்டா, மேடம்?"

"நம்ம தாத்தாவெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, இது நிக்குது. நம்மளயும் அனுப்பிட்டுத்தான் விழும்."

சிரிக்கிறார். எங்கோ உள்ளே மணல் சரியும் சத்தம் மெல்லக் கேட்கிறது. அவர் தோளில் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. சிரிப்பு நிற்கிறது. பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் இறங்கப்போகும் மகளின் தோளை அவன் இறுகப் பிடிக்கிறான். அதிகாரி வேகமாகத் தெருவுக்குப் போய் நின்று, மதிலை அண்ணாந்து பார்க்கிறார். பிறகு தாழ்ந்த குரலில் சொல்கிறார்.

"கண்ணாடி உடையற வரைக்கும் பாப்பாவ இந்தச் சந்துல நடக்க விடாதீங்க."