நாலு சக்கரமும்

துரை பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை.

இன்னும் அழுத்தி மிதித்தான். நாலு சக்கரமும் நின்றுவிட்டன. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் சுகந்தி.

அவன் மனைவி. வண்டியைப் பார்த்தபடி பின்னால் காலெடுத்து வைத்து, கையை ஆட்டி, வரட்டும் வரட்டும் என்று இறக்கத்தில் வழிகாட்டிக்கொண்டு போனவள். ராத்திரி பெய்த மழையில் தோட்டத்துப் பாதையின் ஒரு ஓரம் சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. இன்னொரு ஓரம் ஆள் உயர மண்கரை. நடுவில் வண்டி அகலத்துக்குச் செம்மண் சேறு.

அந்தச் சேற்றில்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி இவன் பேச்சைக் கேட்காமல் வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸ்டீயரிங்கைக் கரைப் பக்கம் ஒடித்தான். சக்கரம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. பின்னால் ஏற்றியிருந்த வாழைத்தார்களின் பாரம் தள்ள, நேராக அவளை நோக்கியே இறங்கியது.



பிக்கப் வாங்கி இன்னும் மாதம் முடியவில்லை. ஒரு குமிழைத் திருப்பினால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. வாங்குவதற்கு முன்னால் போனில் வீடியோ பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டான். சேற்றிலும் ஆற்றிலும் வண்டியை விட்டு ஓட்டிக் காட்டுகிற யாரோ ஒருவன். சாப்பிடும்போதும் அவன், படுக்கும்போதும் அவன்.

டயரை மாற்றச் சொன்னது சுகந்திதான். மலைப்பாதைக்குக் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்தான் தாங்கும் என்று கடைக்காரரும் சொன்னார். துரை கேட்கவில்லை. அது தார் ரோட்டில் இரையும் என்றான். பார்க்க டிராக்டர் மாதிரி இருக்கும் என்றான். பக்கவாட்டில் வெள்ளை எழுத்துப் போட்ட, வழவழவென்ற அகல டயரைப் பார்த்துப் பல்லை இளித்து, அதையே மாட்டிக்கொண்டு வந்தான்.

"நாலு சக்கரமும் இழுக்குது. டயர் எதுவா இருந்தா என்ன?"

இழுத்ததுதான். ஏற்றத்தில் இழுத்ததை ஊரே நின்று பார்த்தது. அந்த இழுவை வண்டியை நிறுத்துவதற்குக் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை என்பது, பெண்டாட்டியை முன்னால் விட்டுக்கொண்டு இறங்கும்போதா தெரிய வேண்டும்?

இன்று காலையிலும் அந்த டயரில்தான் சண்டை தொடங்கியது. டயரில் தொடங்கி, அவள் அப்பா வீட்டைத் தொட்டு, எங்கெங்கோ போனது. நீ ஒருத்தி இல்லேன்னா நான் நிம்மதியா இருப்பேன் என்றான். வாயில் வந்துவிட்டது. நேற்றுதான் ஊரிலிருந்து வந்திருந்த அவள் தம்பி வேல்ராஜ், வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தான். 

சண்டைக்காக வாழைத்தார் காத்திருக்குமா? மூன்று பேரும் சேர்ந்துதான் ஏற்றினார்கள். வத்தலக்குண்டு மண்டிக்குப் போக வேண்டிய சரக்கு. இறங்கும்போது சுகந்தி முன்னால் நடந்தாள், சரிந்த ஓரத்தில் பின்சக்கரம் இறங்கிவிடாமல் பார்க்க வேல்ராஜ் பின்னால் வந்தான்.

சுகந்தியின் கை நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நகரப் பார்த்தாள். கால் வழுக்கியது. அப்படியே சேற்றில் விழுந்தாள்.

அவள் தலை பானெட்டுக்குக் கீழே மறைந்தது. கண்ணாடியில் பாதையும் மழைத்தூறலும் மட்டும் தெரிந்தன.

அப்போது அந்த வீடியோக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. இறக்கத்தில் வண்டி சறுக்கினால் பிரேக்கை விட்டுவிடு. சக்கரம் உருண்டால்தான் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படும். கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தான். பைத்தியமா இவனுக்கு, சறுக்குகிற வண்டியில் எவனாவது பிரேக்கை விடுவானா என்று நினைத்தான்.

முன்னால் பெண்டாட்டி கிடக்கிறாள்.

கால் வர மறுத்தது. உடம்பில் இருந்த பலமெல்லாம் அந்தப் பெடலில்தான் இருந்தது. தப்பாகப் போனால் அவளை அவனே வண்டி ஏற்றிக் கொன்றதாகிவிடும். 

பிரேக்கை விட்டான்.

சக்கரங்கள் உருண்டன. கீழ் கியரில் இருந்த இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. ஸ்டீயரிங் கைக்கு வந்தது. வண்டி கரைப் பக்கம் ஒதுங்கி, மண்ணில் முகத்தை முட்டிக்கொண்டு நின்றது.

 கதவை உலுக்கித் திறந்து, விழுந்தடித்து முன்னால் ஓடினான்.

சுகந்தி உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை சேறு. முன்சக்கரத்துக்கும் அவள் முழங்காலுக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. குனிந்து கையை நீட்டினான். அவளும் நீட்டினாள்.

வேல்ராஜ் சரிந்த ஓரமாக வண்டியைச் சுற்றி வந்து நின்றான். முகத்தில் ரத்தமில்லை. அக்காவைப் பார்த்தான். பிறகு துரையைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா முன்னாடி இருக்கயில, பின்னால செவப்பு லைட்டு அணைஞ்சுச்சே மாமா. பிரேக்க ஏன் விட்டீங்க?"

அதற்குப் பதில் இருந்தது. பிரேக்கை விட்டதால்தான் வண்டி ஒதுங்கியது. அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவனுக்கே பொய் மாதிரி கேட்டது.

சுகந்தியின் கை பாதி தூரம் வந்திருந்தது. அங்கேயே நின்றது. பிறகு தம்பி நின்ற பக்கமாகத் திரும்பி நீண்டது.