நாலு வருஷத்துப் பிரஷ்

“நாலு வருஷமா ஒரே பிரஷ்தான் சார்! ஒரு முடி விலகியிருக்கா, பாருங்க!”

விமானக்காரர் பிரஷைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை அளவில் விமானங்கள் செய்வதால் மாடல் சங்கத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

கப்பல் மட்டுமே செய்யும் கப்பல்காரர் உதட்டைப் பிதுக்கினார். “கதை விடாதீங்க. அசல் முடிப் பிரஷ் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசு.”

“உங்களை மாதிரி தண்ணியில தலைகீழா நிக்க வச்சா ஒரு மாசம்கூடத் தாங்காது. வேலை முடிஞ்சதும் சோப்புல கழுவணும். நுனியை விரலால கூராக்கி, மூடி போட்டு வைக்கணும். குழந்தையைப் பாத்துக்கிற மாதிரி!”

“பெத்த பிள்ளைங்களை ஒருநாள் குளிப்பாட்டினதில்ல” என்று கடைசி வரிசையில் விமானக்காரரின் மனைவி முணுமுணுத்தாள்.

கப்பல்காரர் அரிசி அளவு விமானி பொம்மையை மேசையில் வைத்தார். “அந்தப் பிரஷாலயே இதுக்குக் கண் வைங்க. வச்சுட்டா என் பிரஷையெல்லாம் குப்பையில போடறேன். பெயிண்ட் இழுகிடுச்சுன்னா, இனிமே நீங்க சங்கத்துல வாயே திறக்கக் கூடாது.”

“சரி!”

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கே வாயைத் திறக்காவிட்டால் அத்தனையையும் வீட்டில் அவள்தான் கேட்க வேண்டும்.

நடுவராகப் பெயிண்ட் கடைக்காரரைப் பிடித்தார்கள். அவர் பூதக்கண்ணாடியில் பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி விரல்களைப் பின்னிக்கொண்டாள்.

“பிரஷ்ல ஒரு குறையும் இல்ல” என்றார்.

விமானக்காரர் மூச்சைப் பிடித்தார். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. விமானி விழித்துக்கொண்டான். கப்பல்காரரையே முறைப்பதுபோலக்கூட இருந்தது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கப்பல்காரர் இறங்கி வந்தார். “அது என்ன சோப்பு? சொல்லிடுங்களேன்.”

“சோப்புல என்ன சார் இருக்கு? எல்லாம் பாத்துக்கிற விதம்!”

டீ இடைவேளையில் கடைக்காரர் மனைவியின் பக்கம் வந்து, ஒரு சின்னப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தார்.

“நாலு வருஷத்துல இது நாப்பதாவது பிரஷ் அக்கா. தையல் மெஷின் தூசியை இதால நோண்டாதீங்கன்னா கேக்கறீங்களா?” குரலை இன்னும் தாழ்த்தினார். “பிடியில பழைய பெயிண்ட் தேய்ச்சுட்டேன். உங்க வீட்டுக்காரர் கடிக்கிற இடத்துல நானே கடிச்சும் வச்சிருக்கேன்.”